நாளை காலை ஏழு மணிக்கு

ஏணியின் மேல்படியில் நின்று, வாய்க்கால் கரைத் தென்னையில் ஒலிபெருக்கிக் குழாயைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை. மழை விட்டு ஒரு நாழிகை ஆகியிருக்கும். கீழே வாய்க்கால் கலங்கலாக, கரை தொட்டு ஓடியது. அந்தப் பக்கம் தாளடி வயல். வடகரைப் பெண்கள் வரிசையாகக் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பின்னால் கொக்குகளும் வரிசையாக நடந்தன.

மதியத்திலிருந்து கரண்டு இல்லை. வானம் தண்ணீரில் கிடந்தது. குழாய் என் தோளில் சாய்ந்து, குளித்துவிட்டு வந்த குழந்தை போலச் சில்லென்று இருந்தது. வேலை செய்கிறேனா, தூங்குகிறேனா என்று எனக்கே தெரியாத ஒரு நேரம்.

அப்போது குழாய் கரகரத்தது. பிறகு என் மகளின் குரலில் பேசியது.

“பொ... பொதுமக்களுக்கு... ஓர்... அறிவிப்பு.”

பேசாத மைக் செட்டுக்காரன்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். குடவாசல் பக்கத்தில் ஒரு சிற்றூரில் மைக் செட்டு வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, சாவு அறிவிப்பு எல்லாவற்றுக்கும் என் குழாய்கள் போகும். நான் மட்டும் மைக்கில் பேசியது கிடையாது. சோதனை பார்க்கக்கூட ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்ல மாட்டேன். விரலால் தட்டிப் பார்ப்பேன். வாயால் ஊதுவேன். அவ்வளவுதான்.

கூச்சம். அதற்குக் காரணம் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை. நான்கு பேர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் வாயில் பேச்சு வருவதற்குள் தலை ஆடிவிடும். கேள்வி என்ன என்பது அப்புறம்தான் புரியும்.

படிப்பு ஐந்தாவது வரை. அதற்குமேல் ஆற்றைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது; போகவில்லை. ஆனால் படிக்கத் தெரியும். உதடு அசைத்து, வரிக்கு வரி விரல் வைத்துப் படிப்பேன். இதை எழுதுவதும் அப்படித்தான், மெதுவாக.

அறிவிப்புகளைப் படிப்பது பக்கிரிசாமி அண்ணன். ஆட்டோவில் முன்னால் நான் ஓட்ட, பின்னால் அவர் வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு படிப்பார். தாளில் தேதி இருக்காது. எங்கள் தொழிலில் எப்போதும் ‘இன்று மாலை’, இல்லாவிட்டால் ‘நாளை காலை’. படித்து முடித்த தாள்களை வீசாமல் ஒரு சாக்கில் போட்டு வைப்பேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் பால் கணக்கு எழுத உதவும்.

பிரின்சியின் தொண்டை வலி

என் மகள் பிரின்சி ஒன்பதாம் வகுப்பு. அவளுக்குப் படிக்க வராது என்பது எங்களுக்குத் தெரியாமலே இருந்தது.

எங்கள் தெருவில் அன்பியக் கூட்டம் நடக்கும். வாரம் ஒரு வீட்டில் கூடி, வேதப் புத்தகத்தைக் கைமாற்றி, ஆளுக்கு ஒரு வசனம் வாசிப்போம். புத்தகம் பிரின்சியை நெருங்கும்போது அவளுக்குத் தொண்டை வலிக்கும். அல்லது எல்லோருக்கும் டீ எடுத்துவர உள்ளே போய்விடுவாள். பொறுப்பான பெண் என்று தெருவில் பேர் வாங்கியிருந்தாள். என் மனைவி லூர்துவுக்கு அதில் பெருமை.

அவள் மூன்றாவது படிக்கும்போதுதான் கொரோனா வந்து பள்ளிக்கூடம் மூடியது. எழுத்தோடு எழுத்தைச் சேர்த்து வார்த்தையாகப் பிடிக்கிற வயது. அந்த நாட்களில் ஊரில் ஓடிய ஒரே வண்டி என் ஆட்டோதான். ‘வீட்டை விட்டு வெளியே வராதீர்கள்’ என்று தெருத்தெருவாகப் போவோம். பிரின்சி என் பக்கத்தில் உட்கார்ந்து, காலியான தெருக்களைப் பார்த்துக்கொண்டு வருவாள். வாசல்களில் நாய்கள் மட்டும் படுத்திருக்கும். பக்கிரிசாமி அண்ணன் படிப்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பின்னால் அவர் படிக்க, முன்னால் இவள் கூடவே சொல்வாள். பிள்ளை எவ்வளவு கெட்டி என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

பள்ளிக்கூடம் திறந்தபோது வகுப்புகள் அவளைக் கேட்காமல் முன்னால் போயிருந்தன. அவள் காதை வைத்துக்கொண்டே பின்தொடர்ந்தாள். பக்கத்துப் பெண் படிப்பதைக் கேட்டால் போதும், பாடம் முழுவதும் வந்துவிடும். பரீட்சையில் பார்த்து எழுதினாளா, நினைவிலிருந்து எழுதினாளா, தெரியாது. எட்டாவது வரை அதுவே போதுமாக இருந்தது.

கண்டுபிடித்தவர் தமிழ் டீச்சர் கண்மணி. இந்த வருடம்தான் மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தார். பிரின்சி ஒரு பாடத்தைத் தடங்கலில்லாமல் படித்து முடித்ததும், “நல்லது. இப்ப மூணாவது வரிய மட்டும் படி” என்றாராம்.

பிரின்சியால் முடியவில்லை. அவளுக்கு எல்லாம் முதலிலிருந்துதான் வரும். நடுவில் தொடங்கத் தெரியாது.

சாக்கு மூட்டை

அவளைப் போல இன்னும் சிலர் அந்த வகுப்பில் இருந்தார்கள். மாலையில் அவர்களைத் தனியே உட்காரவைத்து, கண்மணி டீச்சர் முதலில் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தார். அணில், ஆடு, இலை. மறுநாள் பாதிப் பேர் வரவில்லை. முஸ்தபா என்கிற பையன் மட்டும் நேராகச் சொல்லிவிட்டான்: “மீசை மொளைக்குது டீச்சர். அணில் படிச்சா வெளிய சொல்ல முடியுமா?”

அதற்குப் பிறகுதான் டீச்சர் எங்கள் கொட்டகைக்கு வந்தார். அது மாதா கோயில் பின்புறம், தகரம் போட்ட அறை. நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“சார், நீங்க ஆட்டோல படிக்கிற அறிவிப்பெல்லாம் பழசு இருக்குமா?”

என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. சாக்கைக் காட்டினேன்.

“எல்லாம் சின்னச் சின்ன வரி. ஒரே மாதிரி ஆரம்பிக்குது, ஒரே மாதிரி முடியுது. நடுவுல மட்டும் மாறுது,” என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். “பெரியவங்க படிக்கிறது. யாரும் கேலி பண்ண முடியாது. எடுத்துக்கட்டுமா?”

தலையை ஆட்டினேன்.

ரேஷன் அரிசி, ஆற்றில் முறைவைத்துத் தண்ணீர் விடுவது, கண் மருத்துவ முகாம், கபடிப் போட்டி என்று பிள்ளைகள் ஒரே தாளைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சனிக்கிழமைகளில் டீச்சர் அவர்களைக் கொட்டகைக்கே கூட்டிவருவார். நான் கரண்டு கொடுக்காமல் ஒரு மைக்கை மட்டும் கையில் கொடுப்பேன். சத்தம் வராத மைக்தான். ஆனாலும் அதைப் பிடித்ததும் முதுகு நிமிர்ந்துவிடும். பிரின்சி மட்டும் வாங்க மாட்டாள். என் எதிரில் படிக்கவே மாட்டாள்.

இதற்கிடையில் அவளாகவே ஒரு முடிவு செய்திருந்தாள். லூர்துவின் தங்கை செலின் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். மாதா கோயில் திருவிழாவுக்கு அவள் வரும்போது கூடவே போய்விடுவது என்று பிரின்சி அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

“வயசு வர்றவரைக்கும் என் புள்ளையப் பாத்துக்கட்டும். அப்புறம் கம்பெனில துணி செக்கிங் வேலைல சேத்து விடுறேன்,” என்றாள் செலின், போனில். “நான் எட்டாவதோட நின்னவதான். கெட்டா போயிட்டேன்?”

கெட்டுப் போகவில்லைதான். அவளுக்குச் சொந்தமாக வண்டி இருக்கிறது. எங்களுக்குத்தான் பண்டிகைக்குத் துணி எடுத்துத் தருகிறாள். லூர்து அடுப்பைப் பார்த்தபடி அழுதாள். நான் பிரின்சியிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்தே திருவிழா வந்துவிட்டது.

ஏணியில்

கொடியேற்றத்துக்கு முதல் வேலையாக நான் வடகரைப் பக்கத்துக்கு வயர் இழுத்தேன். கடைசிக் குழாயிலிருந்து தொடங்கி ஊருக்குள் வருவது என் வழக்கம்; முடிக்கிற இடம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். ஊருக்குள் இருக்கிற குழாய்களை இன்னும் இணைக்கவில்லை. ஆம்பிளிஃபயரில் மைக்கைச் செருகிச் சோதித்துக்கொண்டிருந்தபோது கரண்டு போனது. அணைக்காமலே ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பிறகு டீச்சரும் பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். கரண்டு இல்லை, நானும் இல்லை. அதனால்தான் பிரின்சி அன்று மைக்கை வாங்கியிருக்கிறாள். கரண்டு திரும்பி வந்தது. அந்தக் கொட்டகையில் மின்விசிறி கிடையாது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மூங்கில் தோப்பும் இரண்டு தெருவும் தாண்டி, வடக்கே பார்த்த அந்த ஒரே குழாய் மட்டும் விழித்துக்கொண்டது.

“நமது ஊர்... மாரியம்மன் கோயில் தி... திடலில்...”

வயரின் நுனி என் கையில்தான் இருந்தது. ஒரு முறுக்கைப் பிரித்தால் நின்றுவிடும். பிரிக்கத்தான் நினைத்தேன்.

ஆனால் நான் அவள் படித்துக் கேட்டதே இல்லை. குரல் என் காதுக்கு அருகில் கிளம்பி, வயல் மேல் போய், தண்ணீரில் வழுக்கி, தூரத்துப் பனைகள்வரை சென்றது. குழாயைப் பிடித்திருந்த என் உள்ளங்கை அதிர்ந்தது. அவள் கைக்குழந்தையாக என் நெஞ்சில் படுத்து அழும்போது இப்படித்தான் அதிரும். கொக்குகள் எழும்பி மறுபடி உட்கார்ந்தன.

“நாளை காலை ஏழு மணிக்கு... கால்நடைகளுக்கு... கோமாரி நோய்... தடு... தடுப்...”

நின்றுவிட்டாள்.

களை பறித்த பெண்கள் நிமிர்ந்து நின்றார்கள். முழங்கால்வரை சேறு, கையில் களைக்கட்டு. அஞ்சலை என்று ஒரு பெரிய பெண்மணி, குழாயைப் பார்த்து மெல்ல, “தடுப்பூசி” என்றாள், பக்கத்தில் நிற்பவளுக்கு எடுத்துக்கொடுப்பது போல.

“தடுப்பூசி போடப்படும்,” என்றது குழாய்.

பெண்கள் மறுபடி குனிந்தார்கள். நான் முறுக்கை இன்னும் இறுக்கினேன்.

இறங்கி வந்தபோது அஞ்சலை கரையில் நின்று கேட்டாள்: “என்ன தம்பி, நாளைக்கு ஏழு மணிக்கா?”

தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். தோப்பு வழியெல்லாம் அந்தக் குரல் என் கூடவே வந்தது. அவள் படித்ததைக் கேட்டேனே தவிர, என்ன படித்தாள் என்பதை நான் கேட்கவே இல்லை.

திடல்

மறுநாள் காலையில் பக்கிரிசாமி அண்ணன் வந்து கதவைத் தட்டினார்.

“என்னப்பா திடல்ல மாட்டுச்சந்தை மாதிரி இருக்கு? உன்னத்தான் தேடுறாங்க.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தத் தாள் எந்த வருடத்துத் தாளோ.

போனேன். பிரின்சி என்னவென்று தெரியாமல் பின்னால் வந்தாள். முதல்நாள் ராத்திரி பஸ்ஸில் வந்திறங்கிய செலினும் பல் துலக்கிக்கொண்டிருந்த வாயோடு கூட வந்தாள். பனி இறங்கியிருந்தது. அதற்குள் பசுக்கள், கன்றுகள், ஆடுகள். ஒருவர் கோழியைக்கூட அணைத்துக்கொண்டு நின்றார்.

“டாக்டரு எங்க, மைக் செட்டு?” என்றார் கோழிக்காரர்.

“கோமாரி ஊசி கோழிக்கு எதுக்கு மாமா?” என்றார் பக்கிரிசாமி.

“வர்றவரு சும்மாதான வர்றாரு. இதையும் காட்டிப்புடலாம்னு பாத்தேன்.”

பிரின்சி அஞ்சலையிடம் போனாள். “யாரு பெரியம்மா இன்னைக்கு ஊசின்னு சொன்னா?”

“மைக்குல ஒரு பொண்ணு சொல்லிச்சே. நிறுத்தி நிறுத்திப் பதவிசா சொல்லிச்சு. இந்தப் பக்கிரிசாமி மாதிரி வாயில வெத்தலய வச்சிக்கிட்டு கொழகொழன்னு சொல்லல.”

பிரின்சி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஒரு கன்றுக்குட்டியைப் பார்த்தேன்.

“அப்பா. நேத்து கரண்டு வந்துச்சா?”

“வந்துச்சு.”

“கொழா?”

“வடகரை கொழா மட்டும்.”

“நீங்க எங்க இருந்தீங்க?”

“ஏணில.”

“கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“நிறுத்தியிருக்கலாம்ல.”

அவள் முகம் சுருங்கியது. செலின் அவள் தோளைப் பிடித்து, “வா வீட்டுக்குப் போலாம். இந்த ஊரே வேணாம் ஒனக்கு” என்றாள்.

பிரின்சி நகரவில்லை. அஞ்சலையிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்: “நான்தான் பெரியம்மா அது. நான் பாதியில நின்னப்ப சிரிச்சீங்களா?”

“சிரிக்கிறதுக்கு என்னடி இருக்கு? கறவ மாட்டு விஷயம். அடுத்து என்ன சொல்லப்போறியோன்னு நின்னோம்.”

“நான் சொன்னது புரிஞ்சிச்சா?”

அஞ்சலை தன் கையிலிருந்த கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். கயிற்றின் மறுமுனையில் ஒரு சிவப்புப் பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது. “புரியாமத்தான் இத ஓட்டிக்கிட்டு வாய்க்காலைத் தாண்டி வந்தனா?”

பிரின்சி அந்தப் பசுவை வெகுநேரம் பார்த்தாள். பாடம் படித்தால் மார்க் வரும், வராமல் போகும் என்றுதான் அவளுக்குத் தெரியும். அவள் படித்து ஒரு மாடு நடந்து வந்ததில்லை.

நின்ற இடத்திலிருந்து

எல்லோரும் அஞ்சலை போல இல்லை. “காலைல பால் கறக்காம வந்துருக்கோம், வெளயாட்டா இது?” என்று ஒருவர் சத்தம் போட்டார். நியாயம்தான். வரப்பு மேல் இன்னும் மாடுகள் வந்துகொண்டிருந்தன. மாற்றி அறிவிக்க வேண்டும் என்றார்கள். பக்கிரிசாமி அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தயாரானார்.

“நான் சொன்னத நானே சொல்லிடுறேன் பெரியப்பா,” என்றாள் பிரின்சி.

கொட்டகையில் ஒரு தாளின் பின்பக்கம் அவளே எழுதினாள். நேரம் பிடித்தது. செலின் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தாள். நான் ஆம்பிளிஃபயரைப் போட்டுவிட்டு, அவள் பார்வையில் படாமல் தெருக்கோடிக்குப் போய்விட்டேன். அங்கிருந்து வாய்க்கால் கரை தெரியும்.

பனிக்குள் மாடுகள் மங்கலாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. கால்கள் தெரியவில்லை. மிதப்பவை போல இருந்தன.

“வடகரை மக்களுக்கு வணக்கம். நேற்றுச் சொன்னது... பழைய அறிவிப்பு. இன்று ஊசி... கிடையாது. கரண்டு வந்தது தெரியாமல்... தவ... தவறு...”

நின்றது. குழாயில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. எங்கே தடுக்கினாலும், யாரும் எடுத்துக்கொடுக்காவிட்டால் முதல் வரிக்குத்தான் ஓடுவாள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். முதலிலிருந்து தொடங்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“தவறுதலாகப் படித்துவிட்டேன். மாடுகளை வீட்டுக்கு ஓட்டிப் போங்கள்,” என்றாள். நின்ற இடத்திலிருந்தே.

கண்ணைத் திறந்தேன். கரையில் முதலில் வந்த மாடு நின்றது. அதன் கழுத்தில் ஒரு கை விழுந்தது. மெதுவாகத் திரும்பியது. அதன் பின்னால் வந்ததும் திரும்பியது. அப்படியே ஒவ்வொன்றாக, பனிக்குள் வந்த வழியே கரைந்து போயின. அவள் இன்னொரு தடவை படித்தாள். அதற்குள் கரையில் யாரும் இல்லை.

இதைக் கேட்டுக் கண்மணி டீச்சர் வெகுநேரம் சிரித்தார். இப்போது எல்லாத் தாள்களிலும் தேதி எழுதச் சொல்லியிருக்கிறார். முஸ்தபாவுக்கு மைக்கில் கரண்டு வேண்டுமாம். இல்லாவிட்டால் படிக்க மாட்டானாம். பிரின்சிக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத முடியாது. நீண்ட வார்த்தை வந்தால் இன்னும் திணறுகிறாள். அன்பியக் கூட்டத்தில் ஒரு வசனத்துக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது. அதுவரை டீ வராது.

திருவிழா முடிந்து, தேர் நின்று, செலின் ஊருக்குக் கிளம்பினாள். பிரின்சி போகிறாளா, இருக்கிறாளா என்று வீட்டில் யாரும் பேசவில்லை. லூர்து கேட்கப் பயந்தாள். எனக்குக் கேட்க வரவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு எல்லோரும் நடந்தோம். பையைப் பிரின்சிதான் தூக்கி வந்தாள். அது யாருடைய பை, உள்ளே யாருடைய துணி என்று நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பஸ் வந்தது. செலின் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் கையை வைத்துக்கொண்டாள். பிரின்சி பையை ஜன்னல் வழியாக அவளிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கீழேயே நின்றாள்.

செலின் சற்று நேரம் அவளைப் பார்த்தாள். பிறகு இருக்கையிலிருந்து கையை எடுத்தாள். “சரிடி. அடுத்த வருஷம் பாக்கலாம்.”

“அடுத்த வருஷம் நான் பத்தாவது சித்தி,” என்றாள் பிரின்சி.